சுத்தியலுக்கு அனுமதி

கலிபோர்னியாவின் மான்டரே துறைமுகத்துக்குக் கிழக்கே, டெல் மான்டே கடற்கரைக்கு எதிரே, கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் எண்ணெய்க் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட்டு நின்றதால் டாங்கர்ஸ் ரீஃப் என்று பெயர். 2021 ஏப்ரலில் அந்த இடத்தில் பொதுமக்கள் மூழ்கிப்போய் ஊதா நிறக் கடல் முள்ளெலிகளைச் சுத்தியலால் அடித்து உடைக்க அனுமதி வந்தது. எத்தனை என்று வரம்பு கிடையாது. மீன்பிடி உரிமம் மட்டும் வேண்டும். கூலியும் கிடையாது. உரிமக் கட்டணம், சிலிண்டரில் காற்று நிரப்பும் செலவு, படகுக்கு ஆகும் பங்கு எல்லாம் அவரவர் கைக்காசு.

ஊருக்குப் போன் பேசும்போது இதைச் சொன்னேன். "ஏத்தா, காசையும் குடுத்துப்புட்டுக் கடலுக்குள்ள போயி பூச்சி அடிக்கிறியாக்கும்?" என்றார் அத்தை. வேலையின் சாரம் அவ்வளவுதான். அத்தைக்குச் சொல்ல முடியாமல் போனது அதற்குப் பின்னால் கிடக்கும் இருநூற்றுச் சொச்சம் வருடத்துக் கதை.

அனுமதி வருவதற்கு முன்பு அதே அடி சட்டப்படி குற்றம். ஒருவர் ஒரு நாளைக்கு 35 முள்ளெலி எடுக்கலாம். எடுத்ததை வீணாக்கக் கூடாது. பாறையிலேயே உடைத்துப் போட்டுவிட்டு வந்தால் அது வீணாக்கல். முள்ளெலியைத் தவிர வேறெதுவும் உயிரோடு இல்லாத கடற்தரைக்கும் இதே விதிதான். கேலியாகப் பேசிய டைவர்கள் நிறையப் பேர். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வரம்பில்லாமல் எடுக்கவிட்ட உயிர்கள் இந்தக் கரையில் என்ன ஆயின என்று தெரிந்தால், அந்த விதியை எழுதியவர்களின் பயம் புரியும்.

நான் சலினாஸில் லெட்டூஸ் கீரையும் கோஸும் அட்டைப்பெட்டியில் ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பிறந்தது மண்டபம். அப்பா அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் எழுத்தர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்துவந்து மணலில் காயப்போடும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மூழ்கிப் பறிப்பவர்கள் அவர்கள். கையில் சுற்றிய துணி கிழிந்திருக்கும். அந்தப் பாசிகள் முழங்கால் உயரம்கூட வராது. மான்டரேயில் வளரும் ராட்சதக் கெல்ப்பும் பாசி இனம்தான். ஆனால் பாறையைப் பற்றிக்கொண்டு நூறடி உயரம் எழும்பி, நீர்மட்டத்தில் கூரைபோல் படரும். நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டடி வளரும். இலைக்கு இலை ஒரு காற்றுப்பை; அதுதான் மொத்தச் செடியையும் தூக்கி நிறுத்துகிறது. குளிர்ந்த நீர் வேண்டும், ஆகவே மன்னார் வளைகுடாவில் வராது. 1834இல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இந்தக் காட்டைப் பார்த்த டார்வின், நிலத்துக் காடு ஒன்று அழிந்தால்கூட இதன் அழிவில் சாகுமளவு உயிரினங்கள் சாகாது என்று எழுதினார். அவர் கண்ட இடத்துக் காடு இன்றும் நன்றாக இருக்கிறது. அழிந்தது வடக்கே.

அழிவின் முதல் வரவு 1741இல் பதிவானது. விட்டஸ் பெரிங்கின் ரஷ்யக் கப்பல் அலாஸ்காவிலிருந்து திரும்பும் வழியில் ஒரு தீவில் ஒதுங்கி உடைந்தது. பெரிங் அங்கேயே இறந்தார். மிஞ்சியவர்கள் கடல் நீர்நாய்களைத் தின்று குளிர்காலத்தைத் தாண்டினார்கள். மறுவருடம் புதிதாகப் படகு கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது தோல்களையும் மூட்டையாகக் கொண்டுபோனார்கள். நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போன்ற கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தடுப்பது ரோமம் மட்டுமே. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் ரோமம்வரை உண்டு. 1779இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள், அவர் இறந்த பிறகு, சீனக் கரையைத் தொட்டபோது மாலுமிகள் தங்களிடமிருந்த சில தோல்களை விற்றார்கள். கிடைத்த விலையைப் பார்த்து, மறுபடி அலாஸ்காவுக்கே போவோம் என்று கப்பலில் கலகம் செய்யாத குறை.

கலிபோர்னியாவுக்கு வேட்டை முழுவீச்சில் வந்தது 1803இல். ஜோசப் ஓகெய்ன் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவருக்குக் கப்பல் இருந்தது. அலாஸ்காவில் ரஷ்யக் கம்பெனியை நடத்திய பரானோவிடம் ஆள் இருந்தது. தோல்படகில் போய் ஈட்டி எறியும் அலூத்தியத் தீவுக்காரர்களும் கோடியாக் தீவுக்காரர்களும்தான் அந்த ஆட்கள். விரும்பி வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. குடும்பத்தைப் பிணையாகப் பிடித்துவைத்து ஆண்களை வேட்டைக்கு அனுப்பும் வழக்கம் ரஷ்யர்களிடம் தொடக்கத்திலிருந்தே உண்டு. லாபம் பாதிப்பாதி. 1812இல் காஷியா போமோ மக்களின் நிலத்தில் ராஸ் கோட்டை எழுந்தது. 1841இல் அதை ஜான் சட்டர் என்பவருக்கு விற்றுவிட்டு ரஷ்யர்கள் கிளம்பினார்கள். அதற்கு வெகு முன்பே நீர்நாய் தீர்ந்துபோயிருந்தது.

1911இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நான்கும் சேர்ந்து ரோம வேட்டையைத் தடை செய்தபோது கலிபோர்னியாவில் நீர்நாயே இல்லை என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். பிக் சர் மலைக்கரையில் ஒரு சிறு கூட்டம் ஒளிந்து பிழைத்திருந்தது. 1938இல் பிக்ஸ்பி பாலத்துக்கு அருகே அது ஊரார் கண்ணில் பட்டது. ஐம்பது இருக்கலாம். இன்று மத்திய கலிபோர்னியாவில் இருக்கும் சுமார் 3,000 நீர்நாய்களும் அவற்றின் வாரிசுகள். வடக்கே மென்டோசினோ பக்கம் இன்றுவரை அவை திரும்பவில்லை.

ஒரு நீர்நாய் தன் எடையில் கால் பங்கைத் தினமும் தின்னும். அபலோனி என்ற கடல்நத்தை, நண்டு, முள்ளெலி எதுவும் விலக்கில்லை. அந்த வாய் மறைந்தவுடன் கீழே இருந்தவை பெருகின. 1850களில் மான்டரேக்கு வந்த சீன மீனவர்கள் பாறைகளில் அபலோனி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததைக் கண்டு பாயின்ட் அலோன்ஸ் என்ற இடத்தில் குடியேறினார்கள். சதையை உலர்த்திச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1906இல் அந்தக் கிராமம் எரிந்தது. தீயை அணைக்க வராத கூட்டம் சாமான்களை அள்ளிப்போக வந்தது. இன்று அங்கே ஸ்டான்ஃபோர்டின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் நிற்கிறது. 1897இல் ஜப்பானிலிருந்து வந்த கொடானி ஜென்னோசுகே, பாயின்ட் லோபோஸில் முதலில் மூச்சடக்கி மூழ்குகிறவர்களை இறக்கிப் பார்த்தார். தண்ணீரின் குளிர் விடவில்லை. பிறகு சீபா மாகாணத்திலிருந்து செம்புத் தலைக்கவசம் போட்டு மூழ்கும் ஆட்களை வரவழைத்தார். ஏ. எம். ஆலன் என்ற நிலச்சொந்தக்காரரோடு கூட்டுச் சேர்ந்து டப்பாவில் அடைக்கும் ஆலையையும் நடத்தினார்.

அந்த அபலோனி வளத்தை இந்தக் கடலின் இயல்பான நிலை என்று எடுத்துக்கொண்டதுதான் பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் மூலம் என்பது என் அபிப்பிராயம். நீர்நாய் இல்லாத கடலின் உபரி அது. உபரியை முதலாக எண்ணி எழுதிய கணக்கு ஒருநாளும் தேறாது.

கெல்ப்புக்கும் தொழில் வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த பொட்டாஷ் உப்பு நின்றதும் அமெரிக்கா கடலைப் பார்த்தது. 1916இல் சான் டியேகோ அருகே சூலா விஸ்டாவில் ஹெர்குலிஸ் வெடிமருந்துக் கம்பெனி ஆலை போட்டு, கெல்ப்பை வெட்டிவந்து ஊறவைத்துப் பொட்டாஷும் அசிட்டோனும் எடுத்தது. அசிட்டோன் போனது பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கான கார்டைட் வெடிமருந்துக்கு. போர் முடிந்தது, ஆலையும் முடிந்தது. 1929இல் கெல்ப்பிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் கெல்கோ கம்பெனி சான் டியேகோவில் தொடங்கியது. நம் ஊரில் கட்டைக்கோரையிலிருந்து எடுக்கிறார்களே, அதே சரக்கு: ஐஸ்கிரீம் இறுகுவதற்கும் துணியில் சாயம் அச்சிடுவதற்கும். வெட்டியதால் காடு அழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலே நான்கடி வெட்டினால் கீழிருந்து மறுபடி வரும். வேரைப்போல் பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியைக் கடித்தால்தான் முழுச் செடியும் மிதந்துபோகும்.

முள்ளெலி கடிப்பது அங்கேதான். ஆனால் எப்போதும் கடிப்பதில்லை. நல்ல காட்டில் அது பாறை இடுக்குக்குள் உட்கார்ந்து, மேலிருந்து உதிர்ந்து வரும் துணுக்குகளைத் தின்றுகொண்டிருக்கும். உதிர்வது குறைந்தாலோ, வெளியே வந்தால் தின்ன ஆளில்லை என்று ஆனாலோ, கூட்டமாகக் கிளம்பும். எல்லாவற்றையும் மேய்ந்து முடித்த பிறகும் சாகாது. உடம்பைச் சுருக்கிக்கொண்டு பட்டினியாகப் பல வருடம் உட்கார்ந்திருக்கும். முளைக்கும் கெல்ப்பின் முதல் இலை அதன் வாயில் போகும். வெற்றுப் பாறை வெற்றுப் பாறையாகவே நிலைப்பது அப்படித்தான்.

சுத்தியல் வரலாற்றில் முதலில் வருபவர் வீலர் நார்த். 1950களில் லாஸ் ஏஞ்சலஸின் பாலோஸ் வெர்டெஸ் கரையிலும் சான் டியேகோவின் பாயின்ட் லோமாவிலும் கெல்ப் காணாமல் போயிற்று. ஏன் என்று பார்க்கப் போனவர் அவர். பிறகு கால்டெக் பேராசிரியர். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் சாக்கடை 1937 முதல் ஒயிட் பாயின்ட்டில் கடலில் விழுந்துகொண்டிருந்தது. கழிவு நீரின் சத்தை உறிஞ்சிக்கொண்டே முள்ளெலிகள் கெல்ப் இல்லாமலும் பிழைக்கின்றன என்று அவர் சந்தேகப்பட்டார். செய்த வைத்தியம் முரட்டுத்தனமானது. சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் படகிலிருந்து கொட்டினார். முள்ளெலியின் தோல் வெந்து அது செத்தது. பக்கத்திலிருந்த நட்சத்திர மீனுக்கும் அது ஆகாதுதான், ஆனால் அந்தக் காலத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு போடத் தோதில்லாத இடத்தில் டைவர்களைச் சுத்தியலோடு இறக்கினார். சாக்கடைச் சுத்திகரிப்பும் மேம்பட்டது. பாயின்ட் லோமா 1960களில் பச்சை பிடித்தது, பாலோஸ் வெர்டெஸ் 1970களில். எது குணப்படுத்தியது, சுண்ணாம்பா சாக்கடைச் சீர்திருத்தமா? இரண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை விட்டு மற்றதைச் செய்திருந்தால் திரும்பவும் கொட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார்.

முள்ளெலிக்கு விலை கிடைத்தது 1970களின் தொடக்கத்தில். கெல்ப்பைத் தின்னும் இந்தத் தொல்லையை ஜப்பானுக்கு விற்றால் என்ன என்று மத்திய மீன்வளத் துறையே தூண்டிவிட்டது. ஜப்பானியர் யூனி என்று உண்பது இதன் இனப்பைகளை; ஓட்டுக்குள் ஐந்து சுளையாக, மஞ்சளாக இருக்கும். தேவைப்பட்டது பெரிய சிவப்பு முள்ளெலி. 1988இல் கலிபோர்னியாவில் ஐந்து கோடி பவுண்டுக்கு மேல் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அளவு ஒருபோதும் வரவில்லை. சிறிய ஊதா இனத்தை வாங்குவோர் குறைவு, ஆகவே அது பாறையிலேயே கிடந்தது. நீர்நாய் போய், பிறகு சிவப்பும் குறைந்து, ஊதாவுக்குப் போட்டியில்லாமல் போனது யார் கணக்கிலும் ஏறவில்லை.

வடக்கே காட்டைக் காத்துக்கொண்டிருந்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கு மேல்கூடக் கைகள் உண்டு. விரித்தால் ஒரு மீட்டர் அகலம்வரை வரும். நட்சத்திர மீனுக்கு இவ்வளவு வேகமா என்று திகைக்கவைக்கும் ஓட்டம். 2013இல் ஒரு நோய் பரவியது. கைகள் உடம்பிலிருந்து கழன்று நடந்துபோகும், மிச்சம் கூழாகும். மெக்ஸிகோ முதல் அலாஸ்கா வரை இந்த இனத்தில் பத்தில் ஒன்பது செத்தது. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் சூடேறியது. குளிர் நீருக்குப் பழகிய கெல்ப் சோர்ந்தது, துணுக்கு உதிர்வது நின்றது, இடுக்கிலிருந்த முள்ளெலி வெளியே வந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கெல்ப் காட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சில வருடங்களில் போய்விட்டது. அபலோனி பட்டினியில் பாறையிலிருந்து கழன்று விழுந்தது. வடகலிபோர்னியாவின் அபலோனிப் பருவம் 2018இல் மூடப்பட்டது.

தொண்டர் படை கிளம்பியது அந்த மூடலிலிருந்து. சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கித்தான் அங்கே அபலோனி எடுக்கலாம் என்பது விதி. தகப்பன் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து மூன்று தலைமுறையாக மென்டோசினோ பாறைகளில் முகாம் போட்டவர்கள் இருந்தார்கள். இனி எடுக்க ஒன்றுமில்லை என்றானதும் அவர்களே வார இறுதிகளில் வந்து ஊதா முள்ளெலியை வாளி வாளியாக அள்ளினார்கள். 35 என்ற வரம்பைச் சோனோமா, மென்டோசினோ மாவட்டங்களில் 20 காலன் ஆக்கினார்கள், பிறகு 40 காலன். அள்ளிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் போகவில்லை. ஈரமான முள்ளெலி மூட்டையைப் படகிலேற்றிப் பார்த்தவர்களுக்கே அதன் கஷ்டம் தெரியும். 2020இல் மென்டோசினோவின் காஸ்பர் வளைகுடாவில் வரம்பு எடுக்கப்பட்டது. மறுவருடம் டாங்கர்ஸ் ரீஃப். மீன், வனவிலங்கு ஆணையத்துக்கு மனுமேல் மனுப்போட்டு வாங்கிய அனுமதி அது. தெற்கே பாலோஸ் வெர்டெஸில் 2013 முதல் பே ஃபவுண்டேஷன், தொழில்முறை முள்ளெலி டைவர்களுக்குக் கூலி கொடுத்து இதே வேலையைச் செய்துவருகிறது. அங்கே காடு பல ஏக்கர் திரும்பிவிட்டது. கூலி கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும். இதில் தொண்டர்கள் முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

மனுவை எதிர்த்தவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று இன்றும் படகில் வரும்: உடைத்தால் முட்டை சிதறி இன்னும் பெருகாதா? வெற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பதை உடைத்துப் பார்த்தால் பதில் தெரியும். நாங்கள் கொண்டுபோவது வெல்டர்கள் கசடு தட்டும் சுத்தியல். ஒரு முனை கூர், ஒரு முனை தட்டை. பிடி கம்பிச்சுருளாக இருப்பதால் தண்ணீரில் கை அதிராது. முப்பது நாற்பது அடி ஆழம், பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர், ஏழு மில்லிமீட்டர் ரப்பர் உடை. நீருக்குள் ஓங்கி அடிக்க முடியாது. முழங்கையைப் பாறையில் ஊன்றி மணிக்கட்டால் மட்டும் தட்ட வேண்டும். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஓடு விட்டுப்போகும். உள்ளே ஐந்து சுளை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஐந்து நூல். சிதறுவதற்கு அதில் முட்டை ஏது? ஐந்து பல் கொண்ட தாடை மட்டும் முழுசாக, கெட்டியாகக் கிடக்கும். இரண்டாம் அடிக்குள் பெர்ச் மீன்கள் தோளுக்கருகே வந்துவிடும், நூலையும் விடுவதில்லை. சிறுசுகளை விடக்கூடாது, அவை மற்ற முள்ளெலிகளின் அடியில் ஒளிந்திருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைத்தால் கெல்ப் தலைதூக்கும் என்பது ஆய்வாளர்கள் தந்த குறி. அந்த அளவுக்குக் கொண்டுவந்த பகுதிகளில் தலைதூக்கவும் செய்தது. ஓரத்து வரப்பைத் தாண்டி மறுபடி வருவதை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தனி.

மான்டரேயில்தான் நீர்நாய் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சான்டா குரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் கவனித்து 2021இல் வெளியிட்டார்கள். முள்ளெலி பெருகியதும் நீர்நாய்கள் முன்னைவிட அதிகமாக முள்ளெலி தின்றன. தின்றதோ காடு மிஞ்சியிருந்த இடங்களில், கொழுத்த முள்ளெலிகளை. வெற்றுப் பாறைப் பக்கம் அவை போகவே இல்லை. உள்ளே நூல்தான் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். ஆக மிஞ்சிய காட்டைக் காப்பது நீர்நாய். போன காட்டை மீட்க அது வராது. அந்த வேலைக்குத்தான் காசு கொடுத்துப் போகிற எங்களைப் போன்றவர்கள்.

எங்களால் ஆவது சில ஏக்கர். கரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். சுத்தியலால் கலிபோர்னியாவை மீட்டுவிடலாம் என்று பேசும் தொண்டர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. விதை தூவ ஆங்காங்கே கொஞ்சம் காடு உயிரோடு இருக்கவேண்டும், அதற்கு மட்டும் இது போதும்.

மற்ற வேலைக்கு நட்சத்திர மீன்தான் வர வேண்டும். அது நீர்நாயைப்போலத் தேர்ந்தெடுப்பதில்லை: 2023இல் வெளியான ஒரு சோதனையில் கொழுத்த முள்ளெலியைவிடப் பட்டினி முள்ளெலியை வேகமாகத் தின்றது. ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் 2019 முதல் அதைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் சான் டியேகோவின் பர்ச் காட்சியகத்தில் முட்டையிட வைத்து, குஞ்சுகளைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். மாஸ் லாண்டிங்கில், எங்கள் கம்பெனியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், தொண்டர்களே நடத்தும் ஆய்வகம் ஒன்று அப்படி வந்தவற்றை வளர்க்கிறது. நோய்க்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025 ஆகஸ்டில்தான் கண்டுபிடித்தார்கள். காலராக் கிருமியின் இனம். தெரிந்துவிட்டதால் எந்தக் குஞ்சு அதைத் தாங்குகிறது என்று இனிச் சோதித்துப் பார்க்கலாம். தொட்டியில் அவற்றுக்குப் போடும் இரையில் பொடி முள்ளெலியும் உண்டு.